வாழைக்காய் மண்டிக்கு ஒரு லைன்

நான் ஒன்பதாவது படித்த வருஷம், புதன்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டதும் திருச்சியிலிருந்து பஸ் பிடித்து நாலைந்து கல்லூரி மாணவிகள் எங்கள் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். வளரும் பெண்களுக்கு வழிகாட்டப் போகிறார்கள் என்று பிரேயரில் தலைமையாசிரியை அறிவித்தார். எங்கே போவதற்கு வழி என்று சொல்லவில்லை. எனக்கு அது உடனே உறுத்தியது. திருவானைக்காவலில் வீடு, ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடம், மறுபடி வீடு. இந்த ஊர்வலத்துக்கு வழிகாட்டி வேறு எதற்கு?

முதல் வாரம் நகம் வெட்டுவது பற்றிப் பேசினார்கள். நாங்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டோம். இரண்டாவது வாரம், அவர்களில் கண்ணாடி போட்ட அக்கா முன்னால் வந்து, "நாங்க பேசினது போதும். உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டாள். அதுவரை எங்களைக் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருந்தார்கள். கடைசியில் நான்தான் எழுந்து, தந்தியில் எழுத்து கம்பி வழியாக எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதே," என்றாள் அக்கா, கொஞ்சம்கூட வெட்கப்படாமல். "போஸ்டாபீஸ்ல போய்க் கேட்டுட்டு அடுத்த புதன் வந்து சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

அதுவே வாராவாரம் நடைமுறையாகிவிட்டது. இரண்டு பேராகப் போக வேண்டும். அப்பா, அண்ணன் யாரும் துணைக்கு வரக் கூடாது. கேட்காமல் திரும்பக் கூடாது.

கேட்பது என்றால் எப்படி என்றே எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைக்கு ஏதாவது வேண்டுமென்றால் பெரியவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தாவணி முனையைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களாக "என்ன வேணும்?" என்பார்கள். அதே பழக்கத்தில் நானும் என் ஜோடிப் பெண்ணும் போஸ்டாபீஸில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கே யாரும் எங்களை ஏனென்று கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு தபால்காரர், "யாருக்கும்மா சாப்பாடு கொண்டாந்திருக்கீங்க? கேரியரைக் காணோமே?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாப்பாடு இல்லைங்க, சந்தேகம்!" என்று கத்திவிட்டேன். தபால் ஆபீசே திரும்பிப் பார்த்தது. ஆனால் தந்தி அடிக்கிறவர் எங்களை உள்ளே கூப்பிட்டு, தந்திக் கருவியைக் கட்டுக் கடகட என்று தட்டிக் காட்டி, எல்லாம் சொன்னார். கேட்டால் சொல்கிறார்கள்! இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை வருஷமாக யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று கோபமாக வந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏன் விளக்கு, கல்லில் உரசினால் தங்கம் எப்படித் தெரியும் என்று ரயில்வே ஸ்டேஷனிலும் மலைக்கோட்டைச் சந்துகளிலும் கேட்டுக்கொண்டு அலைந்தேன். அம்மா அறியாமல்தான். வாசற்படி தாண்டுகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது எங்கள் வீட்டு சாஸ்திரம். ஒரு காலை வெளியே வைத்த பிறகு "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டால் போதும். அம்மா வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் வீட்டில் என் படிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். சமயபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாமாவின் பையனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. பரீட்சை முடிந்ததும் மாமா வந்து பூ வைத்துவிட்டுப் போவார். அப்பாவுக்குத் திருச்சியில் வாழைக்காய் மண்டி. "ஒன்பதாவது போதும். மேலே படிச்சு என்ன, நம்ம வீட்டுப் பொண்ணு வேலைக்குப் போய்க் கண்டவன்கிட்ட பேசிக்கிட்டு நிக்கவா போகுது?" என்றார். மாமா பையன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நல்ல பையன். ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது இன்னும் மலையாகக் குவிந்து கிடந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த புதன்கிழமை அக்காவிடம், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தால் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு. அவள் யோசித்தாள். "எங்க பெரியக்கா அதைப் படிச்சுட்டுத்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கா. வா, அவகிட்டயே கேப்போம்," என்றாள்.

எக்ஸ்சேஞ்சில் பெண்கள் உயர நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே துளைத் துளையாக ஒரு பலகை. விளக்கு எரிகிற துளையில் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பார்கள். ஊரே அவர்கள் கை வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. பெரியக்காவைத் துளைத்தெடுத்தேன். பேசுகிறவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்குமா?

"கேக்கும். கேக்கக் கூடாது," என்றாள் அவள். பிறகு ஒரு விளக்கு எரிந்ததும் அலுத்துக்கொண்டாள். "வந்துட்டாரு வாழைக்காய் மண்டி. காலையிலேருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால் கேட்டு உயிரை எடுக்கறாரு."

விளக்குக்குக் கீழே இருந்த நம்பரைப் பார்த்தேன். எங்கள் மண்டி நம்பர். "எங்கப்பாதான்க்கா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சூபர்வைசர் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சட்டென்று தன் காதிலிருந்து கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டி, "நம்பர் ப்ளீஸ்னு சொல்லு. யாருன்னு சொல்லிடாதே, இங்கே எங்க யாருக்கும் பேர் கிடையாது," என்றாள்.

"நம்பர் ப்ளீஸ்."

"அம்மா, வணக்கம்மா. மெட்ராஸ் லைன் என்னாச்சுங்கம்மா? லாரி நிக்குது, தாரெல்லாம் பழுத்துடும். நீங்க மனசு வெச்சா நடக்கும். கொஞ்சம் பாருங்கம்மா."

அந்தக் குரல் என் அப்பாவிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் பேசுவது தண்ணி, வெத்திலை, செருப்பு, அவ்வளவுதான். இவர் யார், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று ஆச்சரியமாக இருந்தது. இன்னும் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. "கொஞ்சம் இருங்க, பார்க்கறேன்," என்றேன். பெரியக்கா கயிறுகளை மாற்றி மாற்றிச் செருகினாள். எப்படியோ அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் கிடைத்துவிட்டது. அவள் ஜாடை காட்ட, "லைன் வந்திருக்கு. பேசுங்க," என்றேன்.

"நீங்க நல்லா இருக்கணும்மா," என்றார் அப்பா.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். "எக்ஸ்சேஞ்சுல புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. சின்ன வயசுதான் போல. குரல்லயே ஒரு பொறுப்பு. கேட்ட உடனே போட்டுக் குடுத்துட்டாங்க," என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் ருசி கண்டுவிட்டதே. "அவங்க என்ன படிச்சிருப்பாங்கப்பா?"

"பதினொண்ணு முடிச்சிருப்பாங்க."

"ஆமாம்ப்பா. ஒன்பதோட நிறுத்தினா அங்கே சேத்துக்க மாட்டாங்களாம். போய்க் கேட்டேன். உங்ககிட்ட பேசினது நான்தாம்ப்பா."

அப்பா சிரித்தார். லாரி நிற்பதையும் தார் பழுப்பதையும் அப்படியே சொல்லிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை. தண்ணிகூட அம்மாவிடம்தான் கேட்டார். "பெத்தவரைக் கெஞ்ச வெச்சுட்டியேடி," என்று அம்மா கரித்துக் கொட்டினாள். எனக்குப் புரியவில்லை. தினமும் அந்தப் பெண்களிடம்தானே கெஞ்சினார்? வேறு யார் வீட்டுப் பெண்ணோ என்றால் மானம் போகாது, தன் பெண் என்றால் போய்விடுமா? இதை எந்த ஆபீசில் போய்க் கேட்பது? பரீட்சை வந்தது, எழுதினேன். புதன்கிழமைகளும் முடிந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பூவும் பழத்தட்டுமாக வந்து சேர்ந்தார். அம்மா எனக்குப் பட்டுத் தாவணி கட்டிவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா தட்டைத் தொடாமல், "மச்சான், ரெண்டு வருஷம் போகட்டும். பதினொண்ணு முடிக்கட்டும்," என்றார்.

மாமாவின் முகம் சுருங்கியது. "ஏன் மாப்ளே, எங்க பையன்கிட்ட ஏதாவது குறையா?"

"சேச்சே, பையன் தங்கம்."

"பின்னே என்ன?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு வருஷமா இந்த வீட்டுலதான் வளர்றா. அவ பேசி நான் கேட்டது போன்லதான், மச்சான். இன்னும் கொஞ்சம் கேட்டுட்டு அனுப்பறேன்."