நான் மூடச் சொன்ன இடைவெளி

சிமெண்ட் தூசு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னபோது நான் கட்டட வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, கூடுவாஞ்சேரிப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினால் சாயங்காலம் வரை செங்கல், மணல், பூச்சு வேலை. இரண்டு மழைக்காலம் தொடர்ந்து மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, "இனிமே சைட்டுப் பக்கம் போனீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் கைகழுவிவிட்டார். அப்படித்தான் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே என்ன வேலை என்று சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். அமெரிக்காவில் ஒரு மலையூர். வருடத்தில் பாதி நாள் பனி. அந்த ஊர் வீடுகளின் வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசுவதும், பழைய பூச்சைச் சரிசெய்வதும் ஒரு சிறிய கம்பெனியின் தொழில். அவர்களுடைய மேற்பார்வையாளர் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்து அனுப்புவார். நாங்கள் ஆறு பேர் அந்தப் படங்களைப் பார்த்து, எங்கே விரிசல், எங்கே உப்பல், எத்தனை அடி உடைக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்று அறிக்கை எழுதித் தர வேண்டும். நான் பனியை வீட்டு ஃபிரிட்ஜில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"எந்த ஊரா இருந்தா என்ன, செவுரு செவுருதானே" என்றார் என் கணவர். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பம். எங்களுக்கு விடியும்போது அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். மேற்பார்வையாளர் "நாளைக்கு" என்று சொன்னால் அது எனக்கு எந்த நாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பேன். அது பரவாயில்லை, பழகிவிட்டது. பூச்சு விஷயம்தான் பழகவில்லை. இங்கே பூசிய சுவர் வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே குளிரில் பூச்சு உறைந்துவிடக் கூடாது என்று வீட்டைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே ஹீட்டர் வைத்துச் சுவரைச் சூடாக்குகிறார்கள். கலவைக்கு ஊற்றும் தண்ணீரைக்கூட வெந்நீராக்குகிறார்கள். முதல் தடவை அந்தக் கூடாரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, அந்த வீட்டில் ஏதோ விசேஷம், பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன சமயம், அங்கே கோடைக்காலம். ஒரு பெரியவர் தனியாக வசிக்கும் சின்ன வீட்டின் படங்கள் வந்தன. நீல நிறக் கதவு. ஜன்னல் மூலைகளில் மெல்லிய விரிசல்கள், அவ்வளவுதான். ஆனால் நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சுவரின் அடியில் வேறொன்று கண்ணில் பட்டது. பூச்சு தரைமட்டத்துக் கான்கிரீட்டைத் தொடவே இல்லை. வீட்டைச் சுற்றிலும் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருட்டாக ஓர் இடைவெளி.

சென்னை மழையில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? தண்ணீர் ஏறும், எறும்பு போகும், பூரான் போகும். பூசியவன் சோம்பேறி என்று எண்ணிக்கொண்டேன். "அடிப்பகுதி முழுவதும் இடைவெளி உள்ளது. கலவை வைத்து முற்றிலும் அடைக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதி, நீளத்தையும் கணக்கிட்டுப் போட்டேன். இதற்கு முன் அந்த வீட்டைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லையே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், அதே நீலக் கதவு மறுபடியும் என் திரையில் வந்தது. ஆனால் சுவர் அதே சுவர் இல்லை. முழங்கால் உயரம் வரை பூச்சு பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்து, சில இடங்களில் பாளம் பாளமாகக் கழன்று பனியில் கிடந்தது. உடனே அடிப்பகுதியைத் தேடினேன். இடைவெளி இல்லை. நான் எழுதியபடியே அழகாக அடைத்திருந்தார்கள்.

இவ்வளவு அடைத்த பிறகும் எப்படி? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் யோசித்து, 'காரணம்' என்ற கட்டத்தில் "அடைப்பு வேலை சரியாகச் செய்யப்படவில்லை, மீண்டும் உறுதியாக அடைக்கவும்" என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் போன் செய்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மறுபடியும் அடைக்கணுமா? முதல்ல அதை யார் அடைக்கச் சொன்னது?"

"அங்கே ஓட்டை இருந்ததே" என்றேன்.

"அது ஓட்டை இல்லைம்மா. வேணும்னுதான் அதை விட்டிருக்கு."

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த வீடுகளில் பூச்சுக்குப் பின்னால் செங்கல் கிடையாது. மரச்சட்டமும் பலகையும்தான். பலகையின் மேல் கறுப்புக் காகிதம், அதன் மேல் கம்பி வலை, அதற்கு மேல்தான் மூன்று கோட்டிங் பூச்சு. பூச்சில் எப்படியும் எங்காவது கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய்விடும். அது காகிதத்தின் மேல் வழிந்து கீழே வரும். வந்த தண்ணீர் வெளியே போவதற்காகவே அடியில் ஒரு தகரப் பட்டை வைத்து இடைவெளி விடுகிறார்கள். அதை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். குளிரில் அது உறையும். உறைந்தால் விரியும், பூச்சைத் தள்ளும். பகலில் உருகி, மறுபடியும் உறைந்து, மறுபடியும் தள்ளும்.

இரண்டு வருடமாக அந்தச் சுவர்களைப் பற்றித் தினமும் எழுதியிருக்கிறேன். உள்ளே செங்கல் இருப்பதாகத்தான் ஒவ்வொரு நாளும் நினைத்திருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. சுவர் என்றால் செங்கல் என்பது கேட்க வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

"யார் எழுதினதுன்னு பார்க்கணும்" என்றார் அவர்.

அறிக்கையில் பெயர் இருக்காது, அலுவலக முத்திரை மட்டும்தான். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர், "நாளைக்கு அந்த வீட்டுக்குப் போறேன். வீடியோவில் நீங்களும் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எந்த நாளைக்கு என்று அன்று நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் இரண்டரை மணிக்குப் பம்மலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினால், பின்பக்கச் சுவரில் கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். மழைக்காலத்தில் ஊறி உப்பிய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வரச்சொல்லியிருந்தோம். பழக்கமான ஆள். என் சைட்டுகளிலும் பூசியிருக்கிறார். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். அடியில் தரையோடு சேர்த்துக் கலவையை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அடியில கொஞ்சம் இடம் விட்டுப் பூசலாமா?"

அவர் கரணையை நிறுத்தினார். "இன்னாக்கா சொல்ற? இடம் வுட்டா தண்ணி உள்ள பூந்துடும்ல?"

"உள்ள போன தண்ணி வெளிய வரணுமே."

"அது இன்னா பஸ்ஸுல வந்த ஆளா, ஒரு வழில ஏறி இன்னொரு வழில எறங்கிப் போறதுக்கு? செங்கல்லு குடிச்சிக்கும். அப்பால வெயில் அடிச்சா காஞ்சிடும். இத்தினி வருசம் சைட்டுல நின்னுகினு இருந்த, உனக்குத் தெரியாததா?"

தெரியும். அவர் சொல்வதுதான் சரி, செங்கல் சுவருக்கு. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே சந்தேகமாகிவிட்டது. அதே சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே செங்கல் இருக்கிறதா என்று சோதிப்பவள் மாதிரி. என் வீட்டுச் சுவர், நானே நின்று கட்டியது. கொத்தனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க பூசுங்க."

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "படத்தைப் பார்த்து வைத்தியம் சொன்னா இப்படித்தான்" என்றார். அவருக்கு அதுவும் ஒரே வரிதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு வீடியோ அழைப்பு வந்தது. அங்கே இருட்டிவிட்டிருந்தது. வாசல் விளக்கு வெளிச்சத்தில் பனி வெள்ளையாகவும் இல்லாமல் மஞ்சளாகவும் இல்லாமல் தெரிந்தது. மேற்பார்வையாளர் போனைப் பிடித்திருந்தார். பக்கத்தில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒல்லியான பெரியவர், அந்த வீட்டுக்காரர். மேற்பார்வையாளர் ஒரு சின்னக் கடப்பாரையை நுழைத்து நெம்பினார். பூச்சு ஒரு பாளமாகக் கையோடு வந்தது. பின்னால் கறுப்புக் காகிதம் நனைந்து கிழிந்திருந்தது. அதற்குப் பின்னால் பலகை. அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். கேக் மாதிரி உள்ளே போனது.

நான் பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரவே முடிவு செய்திருந்தேன். "ஐயா, அடியை மூடச் சொல்லி எழுதினது நான்தான். எனக்குத் தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து என்னைப் பார்த்தார். "நீங்களா? மூடச் சொன்னது நான்தானே!"

எனக்குப் புரியவில்லை. மேற்பார்வையாளருக்கும் புரியவில்லை. பெரியவர் விளக்கினார். வீட்டுக்குள் எலி வருகிறது. இந்த இடைவெளி வழியாகத்தான் வருகிறது என்று அவருக்குப் பல வருடமாகச் சந்தேகம். ஜன்னல் விரிசலைச் சரிசெய்ய வந்த ஆட்களிடம், அடியையும் அடைத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் முதலில் கூடாது என்றுதான் சொன்னார்களாம். பிறகு கையில் இருந்த அறிக்கையைப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் அதேதான் எழுதியிருந்தது. சரி, ஆபீஸே சொல்லிவிட்டது என்று அடைத்துவிட்டார்கள். பெரியவர் சந்தோஷமாகி அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாராம்.

மேற்பார்வையாளர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். படிக்காமல் போட்டேன்" என்றார்.

இப்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்பு ஒரு தப்பு, அது என்னுடையது. வலித்தாலும் இன்னது என்று தெரிந்தது. இப்போது அது மூன்று பேருக்குப் பங்காகி, யாருடைய பங்கு எவ்வளவு என்று பிடிபடாமல் நழுவியது. நான் எழுதியிருக்காவிட்டால் ஆட்கள் பெரியவரை மறுத்திருப்பார்களா? பெரியவர் கேட்டிருக்காவிட்டால் என் அறிக்கையைச் சந்தேகப்பட்டு யாராவது போன் செய்திருப்பார்களா?

"உங்க ஊர்ல எலி உண்டா?" என்று பெரியவர் கேட்டார்.

"நிறைய இருக்கு."

"நீங்க என்ன செய்வீங்க?"

"எல்லா ஓட்டையையும் மூடிடுவோம்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு மேற்பார்வையாளர். பிறகு நானும். அழுகிய பலகை கண்ணெதிரே இருக்கும்போது சிரிக்கலாமா என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பெரியவர் குனிந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளி உருட்டிக் காமிராவின் முன்னால் நீட்டினார். "இதுதான் செஞ்சது. நம்ம யாரையும்விட இதுதான்" என்றார்.

நனைந்த பலகை குளிரில் காயாது, கூடாரம் கட்டினாலும் இப்போது பூச முடியாது என்பதால் சுவரைப் பிளாஸ்டிக்கால் மூடி வைத்தார்கள். பெரியவர் அந்தப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டு உள்பக்க அறைக்கு மாறிக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மேற்பார்வையாளர் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் ஆறு பேரையும் வீடியோ முன்னால் உட்காரவைத்து, ஒரு சுவரை மேலிருந்து கீழே அறுத்தது மாதிரி படம் வரைந்து காட்டினார். படத்தைப் பார்த்த ஆறு பேரில் நான்கு பேர், "உள்ள கட்டையா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எலிக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இங்கே செப்டிக் டேங்க் குழாயின் வாயில் கொசுவுக்காக வலை கட்டுகிறோமே, அதுபோல அந்த இடைவெளியில் துருப்பிடிக்காத கம்பி வலை வைத்தால் தண்ணீர் வெளியே வரும், எலி உள்ளே போகாதே என்றேன். மேற்பார்வையாளர் யோசித்தார்.

"வலையில தூசி அடைச்சுக்கிட்டா?"

"அது எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல. பெரிய கண்ணா வச்சுப் பார்ப்போம்."

எங்கள் ஊரில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது அங்கே வேலை ஆரம்பித்தது. சுவரின் கீழ் மூன்றடியை முழுவதும் எடுத்தார்கள். அழுகிய பலகையை மாற்றி, புதுக் காகிதத்தைக் கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்று வருகிற மாதிரி ஒட்டி, கம்பி வலை அடித்து, அடியில் தகரப் பட்டையும் பெரிய கண் வலையும் வைத்து, மூன்று கோட்டிங் பூசினார்கள். தினமும் படம் வந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அறிக்கையில் "இது வேண்டுமென்றே இப்படி விடப்பட்டதா?" என்று நான் பதினோரு இடத்தில் கேட்டிருந்தேன். மேற்பார்வையாளர் ஒன்பதாவது கேள்வி வரை பதில் எழுதிவிட்டு, மற்ற இரண்டுக்கு "போன் செய்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

போன் செய்தார். இரண்டுக்கும் பதில் சொன்னார். வைக்கப்போகிற சமயத்தில், நான்கு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"நான் மட்டும் அன்னிக்கு அதை எழுதாம இருந்திருந்தா, அந்தச் சுவர் நல்லா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம்" என்றார். "அந்தப் பெரியவர் என் ஆட்களுக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தாராம். ரொம்ப நல்ல மனுஷன். அவர் கேட்டா யார் மாட்டேன்னு சொல்லுவா? எனக்குத் தெரியல. நான் சாப்பிடப் போறேன்."

போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டின் படங்களைத் திறந்தேன்.