அவரை விட்டுக்கொடுக்காத மூன்று பேர்

நாற்பது வயதுக்கு மேல் கோவை துடியலூரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளைத் தொடும் நரைத்த முடி. சிக்னலில் நின்றால் போதும், அவர் விரல்கள் டாஷ்போர்டில் தாளம் போடத் தொடங்கிவிடும்.

ஒருநாள், "டிரம்ஸ் வாசிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வாசிச்சிட்டிருந்தனுங்க. காலேஜ் முடிச்சு நாலு பேரு ராக் பேண்டு வெச்சிருந்தோம். பெங்களூர்ல ஒரு கம்பெனி, ஆல்பம் போடறோம்னு கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"டிரம்மரை மட்டும் மாத்திப்போட்டு வாங்கன்னாங்களாம். மத்த மூணு பேரும் முடியாதுன்னு வந்துட்டானுங்க. எங்கிட்ட, கம்பெனிக்குப் பாட்டு புடிக்கலைன்னு சொல்லிப்போட்டானுங்க. பேண்டு கலைஞ்சு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் எனக்கு விசயமே தெரிஞ்சுதுங்க."

"நல்ல சிநேகிதங்க" என்றேன்.

"நல்லவனுங்கதானுங்க. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போங்கடான்னு நானே அனுப்பியிருப்பேன். எங்க பாடகன் இப்ப பல்லடத்துல கோழிப்பண்ணை பாக்கறான். என்ன குரலுங்க அவனுக்கு! அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு முடியறதில்லைங்க."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "கிளட்சை மெதுவா உடுங்க மேடம்" என்றார்.

நண்பர்கள் கைவிட்டதால் நொந்துபோனவர்கள் பலரை எனக்குத் தெரியும். கைவிடாமல் போனதற்காக வருந்தியவர் அவர் ஒருவர்தான்.