வைக்கோல் சுற்றிய தலை

ஹெல்மெட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிடலாமா, வேண்டாமா? பதினோரு நாளாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. அது எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய புடவையில் சுற்றிக் கிடக்கிறது. ஒளித்து வைத்தவள் நான்தான்.

என் கணவருக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை. அச்சில் வார்த்து எடுத்த பொம்மைகளை, சூளை இருக்கும் இன்னொரு கொட்டகைக்கு பைக்கில் கொண்டுபோவார். வேகாத பொம்மையைப் பச்சை என்போம். கொஞ்சம் குலுங்கினாலும் அதன் கையோ மூக்கோ உதிர்ந்துவிடும். அதனால் பச்சை ஏற்றிய அன்று, நடந்து போகிறவர்கள்கூட அவரை முந்திவிடுவார்கள். டீக்கடையில் நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? "என்னாண்ணே, முட்ட மேல ஒக்காந்து அடகாத்துக்கினே வர்றியா?" வெந்த சரக்கை வைக்கோல் சுற்றிக் கட்டிவிட்டாலோ அவர் வேறு ஆள். பள்ளம் மேடு பார்க்காமல் பறப்பார். கல்யாணமான புதிதில் இரண்டையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஹெல்மெட் கட்டாயம் என்று சொன்ன வருஷம், வாங்கச் சொல்லி நச்சரித்தேன். "தலைல சட்டியக் கவுத்துக்கினா காது கேக்காது" என்று தட்டிக் கழித்தார். நாலு வயது மகளுக்காகவாவது வாங்குங்கள் என்று அழுதேன். வாங்கினார். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சொன்னார்: "இப்ப நானு வைக்கோலு சுத்துன சரக்கு. உருட்டி வுட்டாலும் ஒண்ணும் ஆவாது." அன்று நானும் சிரித்தேன். அந்த வார்த்தையை அன்றே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்கலம்பேட்டையில் கல்யாணம். மகள் முன்னால் பெட்ரோல் டேங்க் மேல், நான் பின்னால். எங்களுக்கு முன்னே கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. "வேணாங்க, பின்னாலயே போவலாம்" என்றேன். அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் முந்தினாரா, தெரியாது. எதிரே பஸ். அதன் முன்கண்ணாடியும் மகளின் சிவப்பு ரிப்பனும்தான் எனக்குத் தெரிந்தன. பைக் மண்ணில் இறங்கிச் சரிந்தது. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, "பாத்தியா, ஹெல்மெட்டு இருந்ததால தப்பிச்சேன். நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் தலை எதிலும் படவே இல்லை. மகளின் தலையில் ரிப்பன் மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு இரவெல்லாம் அந்தப் பஸ்ஸே கண்ணில் நின்றது. அது தலையில் இருக்கும் தைரியத்தில்தானே முந்துகிறார் என்று, ஒரு நாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது ஹெல்மெட்டை ஒளித்துவிட்டேன்.

"ஹெல்மெட்டு எங்கம்மா போச்சு?"

"எனக்கு என்னாங்க தெரியும்? டீக்கடைல வச்சிட்டு வந்திருப்பீங்க."

அவரிடம் நான் சொன்ன முதல் பொய். ஆனால் அன்றிலிருந்து மெதுவாகப் போகிறார். "மண்ட லேசா இருக்குது, பயமாவும் இருக்குது" என்று அவரே சொன்னார். இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் கருவேப்பிலங்குறிச்சி பக்கம் பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். நாய் குறுக்கே வந்ததாம். வேகமாகப் போகிற மனிதர் இல்லை அவர். ஹெல்மெட் இல்லாத தலையில் அடி, இன்னும் கண் திறக்கவில்லை. அதைக் கேட்டதிலிருந்து சாயங்காலம் பைக் சத்தம் வரும்வரை எனக்கு அடுப்பு வேலை ஓடுவதில்லை. டிரம்மை நகர்த்துவேன், புடவையைத் தொடுவேன், டேங்க் மேல் இருக்கும் ரிப்பன் நினைவுக்கு வரும், மறுபடியும் டிரம்மைத் தள்ளி வைப்பேன்.

இன்னொன்றும் என்னைக் குழப்புகிறது. மங்கலம்பேட்டைக் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள், மகள் ஒரு பச்சைப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு டேங்க் மேல் உட்கார்ந்து வந்தாள். "அப்பா, மெதுவா! மூக்கு ஒடஞ்சிடும்" என்று வழியெல்லாம் மிரட்டினாள். அன்று ஹெல்மெட் அவர் தலையில்தான் இருந்தது. ஆனாலும் ஊர்ந்துதான் வந்தார். அப்படியானால் தப்பு ஹெல்மெட்டில் இல்லையா? பொம்மை உடையும் என்று தெரிந்த மனிதருக்கு, பிள்ளை உடைவாள் என்று ஏன் தெரியவில்லை? இதை அவரிடம் கேட்கலாம். கேட்டால் என் பொய்யையும் சொல்ல வேண்டிவரும். கோபத்தில் ஹெல்மெட்டே வேண்டாம் என்று தூக்கிப்போட்டுவிட்டால்?

அடுத்த மாதம் மகளையும் ஏற்றிக்கொண்டு திட்டக்குடி பக்கம் கோயிலுக்குப் போகலாம் என்கிறார். உங்கள் வீட்டிலும் பைக் ஓட்டுகிறவர் இருப்பார். ஹெல்மெட்டும் தலையில் இருக்க வேண்டும், மடியில் பச்சை இருப்பதுபோலவும் ஓட்ட வேண்டும். அதற்கு அவரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.