படகில் பேசாத நாலு மணித்தியாலம்

ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிறவனுக்குத் திங்கட்கிழமைதான் லீவு. ஊரே வேலைக்குப் போய்விடும். நான் மட்டும் யன்னலோரம் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பேன். தென் ஜெர்மனியில், மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். எங்களைத் தவிர அங்கே தமிழர் என்று ஒரு குஞ்சு குருமன்கூட இல்லை. அந்த 'எங்களை'யும் அப்போது என்னை மட்டும்தான்.

இரண்டாயிரத்து மூன்று. எங்கள் நாட்டில் இனிச் சண்டை வராது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்தாள். இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில், ஒரு கிழமை நின்றுவிட்டு வருகிறேன் என்று வடக்கே வுப்பர்டால் நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. கடைசியில் தொலைபேசியில் ஒரு முடிவு சொன்னாள். ஆவணியில் வந்து நாலு நாள் நிற்பாள். அதற்குப் பிறகு என்னோடு இருப்பதா இல்லையா என்று சொல்வாள். என்னை அங்கே வந்துவிடச் சொன்னவளிடம், வேலையை விட்டால் விசாவுக்குச் சிக்கல், அதனால் நான் அங்கே வர ஏலாது என்று சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. சகலனின் சோபாவில் படுக்க மாட்டேன் என்ற வீம்பு மீதிப் பாதி. எப்படியோ, அந்த நாலு நாளில்தான் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை திங்கட்கிழமைகளை எப்படிக் கழிப்பது? யன்னலால் பார்த்தால் ஏரியில் சின்னப் படகுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். படகுக்கு ஒரு ஆள், பின்னால் இரண்டு தூண்டில். தனியாக இருப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லாத இடம் ஒன்று இருக்கிறது என்று பட்டது. நானும் போனேன்.

ஜெர்மனியில் மீன் பிடிக்கவும் பரீட்சை எழுத வேண்டும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மீனின் செட்டைகளின் பெயர்களையெல்லாம் பாடமாக்கினேன். நான் தோட்டம் செய்து பயிர் வளர்க்கிற குடும்பம்; மீனைச் சந்தையில் கூறு போட்டு வைத்திருக்கும்போது கண்டதோடு சரி. பாடத்தில் ஒன்று மனதில் ஆணி அடித்தமாதிரிப் பதிந்தது. மீன் பிடிப்பது தின்பதற்குத்தான், விளையாட்டுக்கு அல்ல. அளவான மீன் பட்டால் தலையில் அடித்துக் கொன்று கொண்டுபோக வேண்டும். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது குற்றம்.

படகு வாடகைக்குக் கொடுப்பவனுக்கு என் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவனே கூட வந்து காட்டினான். நாங்கள் தேடிய மீனின் பெயர் சைப்ளிங். வயிறு செம்மஞ்சளாக இருக்கும். கோடையில் அது குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போய்விடும். தங்கூசி என்கிற தூண்டில் நூலில் ஈயம் கட்டி, கரண்டி போன்ற மினுங்கல் தகட்டை அந்த ஆழத்துக்கு இறக்கிவிட்டு, படகை மெல்ல வலித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக வலித்தால் தகடு மேலே வந்துவிடும். நின்றால் ஏரியின் அடித்தரையில் போய்க் கொழுவும். திரும்பும்போது வட்டத்தைப் பெரிதாக எடுக்காவிட்டால் இரண்டு தங்கூசியும் பின்னிக்கொள்ளும். இவ்வளவையும் அவன் கையால்தான் காட்டினான். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. மூன்று மணித்தியாலத்தில் "மெதுவாக" என்று இரண்டு தரமும், "இன்னும் மெதுவாக" என்று ஒரு தரமும் சொன்னான்.

அவன் வாய் திறக்காததைத் தொழில் இரகசியம் என்று நான் எடுத்துக்கொண்டேன். படகில் பேசினால் மீன் படாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். வைகாசியிலிருந்து ஒரு திங்கட்கிழமை தவறாமல் போனேன். சில நாள் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடும். ஒரு மீனும் படவில்லை. ஆனால் துடுப்பு கைக்குப் பழகிவிட்டது. கதை பேச்சில்லாமல் இருப்பதும் பழகிவிட்டது.

மனைவி சனிக்கிழமை வந்தாள். ஸ்டேஷனில் ஓடிப்போய் அவள் பெட்டியை வாங்கினேன். "மெலிஞ்சு போனியள்," என்றாள். வீட்டைக் கூட்டினாள், இரண்டு நாளும் சமைத்தாள். திங்கட்கிழமை படகில் போவோம் என்றேன்.

"மீன் ஒண்டும் படாதுதானே?"

"மூண்டு மாசமாப் படேல்லை. இண்டைக்கே படப்போகுது?"

"அப்ப வாறன்," என்று சிரித்துக்கொண்டு ஏறினாள்.

படகு வலிப்பவன் பின்பக்கம் பார்த்துத்தான் இருப்பான். அவள் பின் பலகையில், என் முகத்துக்கு நேரே இருந்தாள். அக்காவின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் செய்யும் குழப்படியைச் சொல்லத் தொடங்கினாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தால், அம்மா ஊரில் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறாவாம் என்றாள். "உஸ்," என்றேன்.

"மீனுக்குக் காது கேக்குமே?"

பேசாதே என்று நான் கையைக் காட்டினேன். அதன் பிறகு அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டித் தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோடை முழுக்க நான் தேடி வைத்த அமைதியை அவளுக்கும் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

நாலு மணித்தியாலம் கழிந்து இடப்பக்கத் தூண்டில் வளைந்தது. துடுப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தேன். தங்கூசியைச் சுற்றி இழுத்தேன். வலையால் அள்ளிப் போட்டபோது, செம்மஞ்சள் வயிறு பலகையில் துடித்தது. அளந்தேன். அளவு சரி.

"விட்டிடுங்கோ," என்றாள். "நல்லூரிலை கொடியேறி எத்தினை நாள்! உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியவில்லை. நல்லூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. எந்தத் தேசத்தில் இருந்தாலும் இல்லை. இரண்டு நாளாக அவள் மரக்கறி மட்டும் சமைத்ததை நான் கவனிக்கவே இல்லை.

"விட ஏலாது. சட்டம்."

"நடு ஏரியிலை ஆர் பாக்கினம்?"

ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் நான் கட்டையை எடுத்துத் தலையில் ஒரே போடாகப் போட்டேன், பாடத்தில் படித்தபடி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரைக்கு வந்து மீனைப் படகுக்காரனிடம் கொடுத்தேன். நன்றி என்றான்.

வீட்டுக்கு ஏறும் பாதையில் அவள் நின்றாள். "மீனாலை எனக்குக் கோவமில்லை," என்றாள். "நான் இஞ்சை இருந்த காலம் முழுக்க இண்டையான் படகு மாதிரித்தான் இருந்தது. நீங்கள் முன்னுக்கு இருப்பியள். வேறை எங்கையோ பாப்பியள்."

எனக்குக் கோபம் வந்தது. பகல் முழுக்க அடுப்பில் வேகிறவனுக்கு வீட்டுக்கு வந்து கதைக்க என்ன இருக்கிறது என்று கத்தினேன். அவள் எனக்கு முன்னே நடந்து வீட்டுக்குப் போனாள். அடுத்த நாள் காலை ரயிலேறினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நல்லூர்த் தீர்த்தத் திருவிழாவன்று பின்னேரம் தொலைபேசியில் அழைத்தாள். அக்கா வீட்டுக்குக் கிட்ட, பேக்கரி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

"ஓம்," என்றேன்.

"வேறை?"

"ஒண்டுமில்லை."

"ஏதாவது கதையுங்கோவன்."

எங்கிருந்து தொடங்கினேன் என்று நினைவில்லை. செட்டைகளைப் பாடமாக்கிய கதை, முதல் நாள் துடுப்புப் பிடித்துக் கையில் கொப்புளம் வந்த கதை, சிக்கெடுத்துக்கொண்டே நடு ஏரியில் அழுத கதை. ஒருநாள் சுற்றிவர ஒரு படகும் இல்லாத நேரம், அவள் பெயரைச் சத்தமாக மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்ததையும் சொன்னேன். அவள் சாமான்கள் இருக்கும் அறையைத் திறக்கப் பயந்து வீட்டுக் குசினிப் பெஞ்சில் படுத்ததையும் சொன்னேன். நிறுத்தத் தெரியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

"லைனிலை நிக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"நிக்கிறன்." அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. "இவ்வளவு கதையும் உங்களிட்டை இருந்ததே?"

"ஓம்."

"அண்டைக்குப் படகிலை நான் உங்களுக்கு முன்னாலைதானே இருந்தனான்."