சாமிக்கு வாங்கிய பழமும் புக்கிட் தீமா குரங்கும்

இன்று லீவு. காலையில் தேக்கா மார்க்கெட்டில் பூவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெள்ளிக்கிழமை, மனைவிக்கு விரதம். பூஜை முடிந்தால்தான் சாப்பிடுவாள்.

பஸ் ஸ்டாப்பில் நண்பன் குமார் நின்றான்.

"புக்கிட் தீமா மலை ஏறப் போறேன். கீழே குவாரி ஏரி சூப்பரா இருக்கும். வா லா, சீக்கிரம் வந்துடலாம்."

ஆங் மோ கியோவில் உள்ள வீட்டுக்குப் போகவேண்டியவன் அவனோடு பஸ் ஏறிவிட்டேன்.

ஏறி இறங்கி, ஏரிக்கரையில் குமார் கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். முட்டை, நெத்திலி எல்லாம் பாதி தின்ற பிறகுதான் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் பையைப் பறித்து, பூவைச் சிதறடித்து, சாமி பழத்தை என் எதிரிலேயே உரித்துத் தின்றது.

"விடுடா, அனுமாருக்குப் படைச்சதா நினைச்சுக்கோ" என்றான் குமார்.

மறுபடி தேக்கா. மறுபடி பூ, பழம். வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

"என்னங்க இப்படி வேர்த்திருக்கு? அவ்வளவு கூட்டமா?"

"ஆமா, செம கூட்டம்."

"பாவம், வெயில்ல அலைஞ்சிருக்கீங்க. முதல்ல நீங்க சாப்பிடுங்க. நான் விளக்கேத்திட்டு வர்றேன்."

சாப்பிட்டேன். நான் இரண்டாம் முறை சாப்பிட்டு எழுந்தபோதும் அவள் பட்டினியாகப் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

நேரில் சொல்லத் தைரியமில்லாமல் இதை ஃபேஸ்புக்கில் போடுகிறேன். மனைவி இதில் இல்லை. அவள் தங்கச்சி இருக்கிறாள். மச்சினி, அக்காவுக்கு நீயே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடு. நான் கீழே கோப்பிக்கடையில் இருக்கிறேன். எப்போது மேலே வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் கமெண்ட்டில் போடு.