சூசையின் சாதுக் குரங்கு

சூசையின் குரங்கைச் சூசை கொல்லவில்லை. அது சாகும் என்று தெரிந்தே அவனுக்கு விற்றவன் நான்!

நம்புங்கள். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். ஆனால் நானாட்டான் பக்கத்துக் காட்டில் குரங்கு பிடித்து, கப்பலேற்றி விற்று, எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் கல்வீடு கட்டியவன். என்னைப்போல் ஒருவன் இந்தத் தீவில் பிறக்கவில்லை. இனிப் பிறப்பானா என்பதும் சந்தேகம்!

எல்லாம் இந்த வலது உள்ளங்கை தந்தது. கூட்டிலடைத்த குரங்கின் நெஞ்சில் கை வைப்பேன். மடியில் படுத்த பூனையின் உடம்பு அதிருமே, அப்படிச் சிலதின் நெஞ்சு அதிரும். அவை கடியா, பாயா, சும்மா இருக்கும். 'சாதுக் குரங்கு' என்று பெயரிட்டேன். துரைமாரே தேடி வந்தார்கள். சில மாதத்தில் செத்தால், காட்டை நினைத்த ஏக்கம் என்பேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஒருநாள், என்னிடம் வாங்கிய வெள்ளைக்கார டாக்குத்தர் ஆளனுப்பினார். போனேன். செத்த குரங்கின் இருதயம் தட்டில் திறந்து கிடந்தது. இரத்தம் திரும்பி வராமல் காக்கும் சவ்வுக் கதவு தடித்துச் சுருங்கி, மூடாமல் நின்றது. என் கை கண்டது சாதுக்குணமல்ல, நோய் என்றார். யாரும் கொடுத்த நோயல்ல, தானாக வந்தது. பாயவிட்டால் விழுந்து சாகும் என்றார்.

நான் நம்பினேனா? நம்பினேன்... அதுதான் என் குற்றம்!

அந்தக் கிழமையே சூசை வந்தான். தலைமன்னார் இறங்குதுறையில் குரங்காட்டிப் பிழைத்தவன். அவனுடைய பழைய குரங்கு ஓடிவிட்டது.

"அண்ணை, கடியாத ஒண்டாப் பாத்துத் தாங்கோ. போனது என்ரை காதிலை பாதியைத் திண்டிட்டுத்தான் போனது!"

நின்றவர்கள் சிரித்தார்கள். "பயப்பிடாதை சூசை, அண்ணையின்ரை கை தப்பாது," என்றான் ஒருவன்.

அந்தச் சொல்! அத்தனை பேர் முன்னால், என் கை இத்தனை காலமும் தப்பியது என்று எப்படிச் சொல்வேன்? நெஞ்சு அதிர்ந்த ஒன்றையே தூக்கிக் கொடுத்தேன்.

கப்பல் வந்த ஒரு நாள், அது வளையத்துக்குள் பாயப் பின்வாங்கியது. சூசை பிரம்பால் மெல்லத் தட்டினான். பாய்ந்தது... விழுந்தது... எழும்பவில்லை.

"அடிச்சுச் சாக்காட்டிப் போட்டன் அண்ணை!" என்று மடியில் போட்டு அழுதான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பிரம்பை முறித்தான். அதன்பின் குரங்காட்டவில்லை, கருவாட்டுக் கூடை சுமக்கிறான். தபசு காலந்தோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சுவாமியாரிடம் அதே பாவத்தைச் சொல்கிறான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நான். என் மற்றப் பாவங்களெல்லாம் சொல்வேன்... இதை மட்டும் விழுங்கிவிடுவேன். சொன்னால் என்ன? கல்வீடு இடிந்துவிடுமா? இல்லை. ஆனால் 'கை தப்பாதவன்' என்ற பேர்...

போன தபசிலும் கோயில் வாசலில் என் கையைப் பிடித்தான். இதே கையை!

"நீங்கள் தந்தது தங்கமான சீவன் அண்ணை. நான்தான் பாவி. எனக்காக ஒருக்கா வேண்டிக்கொள்ளுங்கோ."

"ஓம் சூசை," என்றேன்.

உள்ளே போய் முழந்தாளிட்டேன். அவன் செய்யாத பாவத்துக்காக, அவன் பெயர் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்... அவனுக்குக் கேட்கும்படி, நல்ல சத்தமாக!