கரடியூரில் களி கேட்டோம்

ஜனவரியில் என் கணவரின் மூன்று மாதச் சர்க்கரை அளவு எட்டரை என்று வந்தது. இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசியைப் பார்த்தாலே வியர்த்துப்போகிற மனிதர் இவர். முன்பே பதிவு செய்திருந்த ஏற்காடு பயணத்தை விட மனமில்லை. குளுக்கோமீட்டரோடு பிப்ரவரியில் கிளம்பினோம்.

சேலத்தில் காலை ஏழரைக்கு பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஏரிப் பக்கம் ஓர் ஓட்டலில் ‘சிறுதானிய தோசை’ என்று பச்சை போர்டு. விலை 110 ரூபாய். வந்ததோ வெள்ளை வெளேர் என்று இருந்தது. எந்தச் சிறுதானியம் என்று கேட்டேன்.

“எல்லாம் கலந்ததுங்க” என்றார் பரிமாறியவர்.

“அரிசியுமா?” என்றேன். சட்னி எடுக்கப் போனவர் திரும்பவே இல்லை. மதியம் வேறு கடையில் கோதுமைச் சப்பாத்தி கேட்டால் ரப்பர் மாதிரி இழுபட்டது. சர்க்கரை போடாத ஜூஸ் என்று சத்தியம் செய்தார்கள். அது நாக்கில் ஒட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 247 காட்டியது. இவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஊர் முழுக்கச் சேர்ந்து சதி செய்வதாகவே தோன்றியது.

மறுநாள் விடுதி வாசலில் பிடித்த ஆட்டோக்காரர்தான் வழி சொன்னார். “ஏனுங்க, கரடியூர்ல ஒரு ஊடு இருக்குதுங்க. ராகி, சாமையெல்லாம் அவங்க காட்டுலயே வெளையுது. போன் பண்ணுனா பொங்கி வெப்பாங்க.” விடுதியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். காத்திருப்பும் சேர்த்து 450 ரூபாய்.

அந்த வீட்டுக்காரம்மா சரசு, இலையில் ஆவி பறக்க வெள்ளைச் சோறு போட்டார். களி இல்லையா என்றேன். “இல்லீங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அடுப்படியில் களி கிண்டிய துடுப்பு ஈரத்தோடு சாய்ந்திருந்தது. நல்லதை ஒளித்து வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. “அப்போ அந்தத் துடுப்பு?” என்றேன், போலீஸ்காரி மாதிரி.

சரசு கூசிப்போனார். “அது எங்களுக்குக் கிண்டுனதுங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்குக் களி போட்டா நொம்ப மரியாதக் கொறச்சலுங்க.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவர் தன் சர்க்கரை வியாதியைச் சொல்லி, களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீட்டர் 138. நாளைக்கும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் போனால் மறுபடி வெள்ளைச் சோறு. கூடவே டம்ளர் நிறைய சேமியா பாயசம்!

“தேடி ரெண்டாந்தரம் வந்திருக்கீங்க. இன்னைக்கும் களியவே போட்டா நானெல்லாம் என்ன மனுசிங்க? டவுனுக்குப் போயி சேமியா வாங்கியாந்தேனுங்க.”

இரண்டு நாளாக எல்லாச் சமையலறையையும் குடைந்தவள் நான். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். இவர் பாதியை என் டம்ளரில் ஊற்றிவிட்டு மீதியைக் குடித்தார். வெளியே வந்து, மீட்டரை எடு என்று கையை நீட்டினார். பயத்தில் நான் எடுக்கவில்லை.

போகிறவர்கள் ஏரிப் பக்கத்துப் பச்சை போர்டுகளை நம்ப வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால், “நீங்க சாப்பிடறதே போதும், சர்க்கரை வியாதி” என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். மறுநாளும் போவதாக இருந்தால் மறுபடியும் சொல்லுங்கள்.

வரும் வியாழக்கிழமை இவருக்குப் பரிசோதனை. அந்த அரை டம்ளரை நினைத்தால் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று தடுத்திருக்கலாமே என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.